உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடித் தொட்டிக்குள் கடலைக் காக்கும் உயிருள்ள வடிகட்டிகள்!

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஏறி, தணிகை முருகனைத் தரிசித்து, கீழே இறங்கி வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு சிப்பி எவ்வளவு கடல்நீரை வடிகட்டி முடித்துவிடும் தெரியுமா? 8 லிட்டர் வரை!

மோட்டார் கிடையாது. கரன்ட் கிடையாது. ஓட்டைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு சும்மா கிடந்தாலே போதும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் நன்கு வளர்ந்த சிப்பி, தட்பவெப்பம் சாதகமாக இருந்தால் ஒரு நாளில் 190 லிட்டர் வரை தண்ணீரைச் செவுள் வழியாக அலசித் தள்ளுகிறது!

அமெரிக்கா வரை போவானேன்? திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. அங்கேயும் இதே வேலையைச் செய்யும் சிப்பிகள் உண்டு. கிராசோஸ்ட்ரியா மட்ராசென்சிஸ் என்று சென்னையின் பழைய பெயரையே தாங்கி நிற்கிற நம்ம ஊர்ச் சிப்பி!

1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்மோடு சேர்ந்தது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி இன்றும் ஆந்திராவில்தான் இருக்கிறது. சிப்பிக்கு எல்லைக்கோடெல்லாம் கிடையாது. இரண்டு மாநிலத் தண்ணீரையும் அது சேர்த்தே வடிகட்டுகிறது!

இதைக் கேளுங்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஒரு காலத்தில் சிப்பிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. விரிகுடாவின் மொத்தத் தண்ணீரையும் அவை வடிகட்டி முடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும்? 1988-ல் ஒரு விஞ்ஞானி கணக்குப் போட்டார். நான்கு நாளுக்கும் குறைவு! மனிதர்கள் வாரித் தின்றது போக மிஞ்சிய சிப்பிகளுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு!

சரி, இந்தக் கடல் வித்தையை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? முடியும்! திருத்தணியிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். தண்ணீரைச் சுமந்து வரத் தேவையே இல்லை. ஒரு லிட்டருக்கு 35 கிராம் வீதம் மரைன் சால்ட் கலந்தால் கடல் தயார். 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ!

சமையல் உப்பைக் கொட்டிவிடாதீர்கள். கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்தே 85 சதவீதம் சொச்சம்தான். மீதியில்தான் மக்னீசியம், கால்சியம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் பவளத்துக்கு எலும்புக்கூடே வளராது!

தொட்டியில் முதலில் குடியேற வேண்டியது யார்? மீனா? இல்லவே இல்லை. பாக்டீரியா!

மீன் விடும் கழிவு அம்மோனியா. விஷம். ஒரு கூட்டம் பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்குகிறது. அப்புறம்தான் மீனுக்கு நிம்மதி! இந்த இரட்டை ஆட்டத்தை உலகுக்குச் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. ஆண்டு 1890. இந்தப் பெயரையும் ஆண்டையும் நினைவில் வையுங்கள், கடைசியில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது!

இந்தப் படை தொட்டியில் பெருகி நிலைகொள்ள எவ்வளவு காலம்? பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். தொட்டிக்காரர்கள் இதை 'சைக்கிள் ஆகணும்' என்பார்கள். புதுத் தொட்டி வாங்கிய மறுநாளே மீனை விட்டு, மூன்றாம் நாள் மிதக்கக் கண்டு வருந்துகிறவர்கள் இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டாலே போதும், எத்தனையோ மீன் பிழைக்கும்!

கல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்றால் நம்புவீர்களா? செய்கிறது! ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தம் தொட்டியைப் பற்றி எழுதினார். வடிகட்டி இயந்திரம் இல்லை. கடலடியிலிருந்து எடுத்த, உயிரினங்கள் ஒட்டிய கற்கள். மெல்லிய காற்றுக் குமிழி. அவ்வளவுதான்! உள்ளே பவளங்கள் கொழுத்து வளர்ந்தன!

இன்று உலகம் முழுக்கத் தொட்டிக்காரர்கள் 'லைவ் ராக்' என்று கொண்டாடுவது அந்தக் கல்லைத்தான். பின்னாளில் ஜெர்மன் ஆர்வலர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். 'பெர்லின் முறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கெல்லாம் முன்னோடி ஓர் ஆசியர்!

கல்லுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? மேற்பரப்பில் ஆக்சிஜன் விரும்பும் பாக்டீரியா. ஆழத்துளைகளில் ஆக்சிஜனே எட்டாத இருட்டு. அங்கே வேறொரு கூட்டம். அது நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிய்த்து மூச்சுக்கு எடுத்துக்கொள்கிறது. மிச்சமாவது நைட்ரஜன் வாயு. அது மெல்ல மேலேறிக் காற்றோடு கலந்துவிடுகிறது. காலையில் மீன் போட்ட கழிவு, பிறகு ஒரு நாள் நாம் சுவாசிக்கும் காற்றில்! அந்தக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே!

உடனே ராமேசுவரம் பக்கம் போய்க் கல் பொறுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். குற்றம்! 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு, விரல் நீளப் பவளத்துக்கும்!

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள். 117 வகைப் பவளங்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். விளைவு? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன!

அதனால் நல்ல தொட்டிக்காரர்கள் இன்று கடல் கல்லைத் தொடுவதே இல்லை. துளைகள் நிறைந்த உலர்கல்லையோ செயற்கைக் கல்லையோ போட்டு, பாக்டீரியாவைக் குடியேற்றி, சில மாதத்தில் அதையே உயிர்க்கல்லாக்கிவிடுகிறார்கள். கடலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான்!

லண்டனில் பவளத்தை முதலில் வளர்த்துக் காட்டியவர் யார் தெரியுமா? தேவாலய வளாகத்தில் குடியிருந்த ஒரு பெண்மணி! வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் துணைத்தலைமை குருவின் மனைவி, அன்னா தின். 1846-ல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவளங்களை ஜாடியில் வைத்து லண்டன் வரை கொண்டுவந்தார். பம்பு ஏது அந்தக் காலத்தில்? பணிப்பெண் தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் ஜன்னலோரமாக நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். காற்று கலந்தது. பிறகு அன்னா கடல்பாசியையும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தன. ஏறக்குறைய மூன்று ஆண்டு!

அதே லண்டனில் 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீனையும் நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தார். இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது. என்ன செய்தார் தெரியுமா? நத்தை விட்டார்! அழுகியதை நத்தை தின்றது. நத்தை முட்டையை மீன் தின்றது. தண்ணீர் பளிங்கு!

நத்தை என்றதும் ஒரு காரியம் செய்யுங்கள். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்கு இரவில் போனால், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணாடியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பச்சைப் பாசிப் படலத்தின் நடுவே வளைந்து வளைந்து ஒரு சுத்தமான பாதை போகும். இடமும் வலமுமாகக் குட்டிக் குட்டிக் கீற்றுகள். பாதையின் முனையில் டர்போ நத்தை. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் வாய் திறப்பதும், உள்ளிருந்து நாக்கு வருவதும் தெரியும். ஒரு சுரண்டு, மூடல், மறுபடி திறப்பு. அந்த நாக்கில் வரிசை வரிசையாகப் பற்கள். தேயத் தேயப் பின்னாலிருந்து புதுப் பல் முன்னேறி வந்துகொண்டே இருக்கும்!

இரவு முழுக்க ஓயாது. விடிந்தால் கண்ணாடி துடைத்துவிட்டது போல இருக்கும்!

பாசி மேய ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கரீபியன் கடல் அதைப் பார்த்துவிட்டது. 1983 ஜனவரியில் பனாமா கால்வாய்க்கு அருகே நீள்முள் கடல் முள்ளெலிகள் சாகத் தொடங்கின. ஓராண்டு சொச்சத்தில் கரீபியன் முழுவதும் பரவிய அந்த நோயில் செத்தவை 90 சதவீதத்துக்கும் மேல்!

மேய்ந்தவை போனதும் பாசி பவளத்தின் மேல் ஏறிவிட்டது. புயலும் அளவுமீறிய மீன்பிடியும் சேர்ந்துகொண்டன. ஜமைக்காவில் 1970-களின் இறுதியில் கடலடியில் பாதியை மூடியிருந்த உயிர்ப்பவளம், 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே!

இப்போது கதாநாயகன் வருகிறான். கடல் அட்டை!

மணலில் கிடக்கும் தடித்த உருளை. கண் இல்லை. மூளை இல்லை. வாயைச் சுற்றிக் குஞ்சம் குஞ்சமாக உணர்கொம்புகள். ஒன்றை மணலில் ஒற்றும், மடக்கி வாய்க்குள் விடும், துடைத்து வெளியே எடுக்கும். அதற்குள் அடுத்த கொம்பு மணலில். பிறகு அடுத்தது. பதற்றமே இல்லாத சாப்பாடு! மணலில் ஒட்டிய அழுக்கு வயிற்றுக்கு. கழுவிய மணல் பின்பக்கமாக வெளியே, சின்னச் சின்னச் சரமாக!

ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பவளத்திட்டில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கடல் அட்டைகள் இருப்பதாக 2021-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவை எல்லாம் சேர்ந்து ஓராண்டில் தின்று, சுத்தம் செய்து, வெளியே தள்ளும் மணல்? 64,000 டன்!

மூச்சு விடுவதும் எதன் வழியாகத் தெரியுமா? அதே பின்துளை வழியாக! அதற்குள்ளேயே வாடகை இல்லாமல் குடியிருக்கும் மீன்கூட உண்டு. முத்து மீன்!

பெருமைப்படுங்கள். 'வெள்ளை அட்டை' எனப்படும் ஹோலோதூரியா ஸ்காப்ராவைக் குஞ்சு பொரிப்பகத்தில் முதன்முதலாக இனப்பெருக்கம் செய்யவைத்த இடம் ஜப்பானோ சீனாவோ இல்லை. நம்ம தூத்துக்குடி! மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1988-ல் சாதித்தார்கள்!

இந்தியாவில் கடல் அட்டையும் 2001 முதல் முதல் பட்டியலில். பிடித்தால் சிறை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கடலோரங்களில் அதே வெள்ளை அட்டைக்குப் பண்ணைகள்! இடையில் இருப்பது ஒரு குறுகிய கடல்தான்!

தொட்டியில் அட்டை வைக்கத் தடையில்லாத நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. சில வகை அட்டைகள் பம்பில் சிக்கிக் காயப்பட்டாலோ செத்தாலோ ஹோலோதூரின் என்ற நஞ்சைத் தண்ணீரில் விடும். சின்னத் தொட்டியில் ஒரே இரவில் மீன் அத்தனையும் காலி! பம்பின் வாயில் வலை கட்டாமல் அட்டையை விடவே விடாதீர்கள்.

விலங்கியல் படித்தவர்கள் யாரையாவது கேளுங்கள், குருசடைத் தீவு என்றதும் 'பாலனோகிளாசஸ்' என்பார்கள். மண்டபத்துக்கு அருகே உள்ள அந்தக் குட்டித் தீவின் மணலில் வாழும் புழு அது. மணலை விழுங்கி, சத்தை எடுத்துக்கொண்டு, சக்கையைச் சுருள் சுருளாக வெளியே குவித்து வைக்கும். முதுகெலும்பிகளுக்குத் தூரத்துச் சொந்தம் வேறு! அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் தனி நூலே வெளியிட்டது. 1927-ல்!

கடற்பஞ்சின் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். இதயம் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை. உடல் முழுக்க ஓட்டைதான். ஒரு கிலோ கடற்பஞ்சு ஒரே நாளில் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சி வடிகட்ட வல்லது? 24,000 லிட்டர் வரை! இரண்டு பெரிய டேங்கர் லாரி!

பவளமே ஒரு வடிகட்டி என்பது தெரியுமா? அக்ரோபோரா பவளம் தன் உடம்பிலிருந்து கோழையைச் சுரந்து தண்ணீரில் விடுகிறது. பவளத்திட்டின் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் 4.8 லிட்டர் வரை! அந்தக் கோழை மிதக்கும் தூசையெல்லாம் ஒட்டிப் பிடித்துக் கனமாகி மணலில் போய் உட்கார்ந்துவிடும். மணலில் காத்திருக்கும் பாக்டீரியாவுக்கு விருந்து!

பாசி எதிரி என்றுதானே நினைத்தீர்கள்? அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி அதையே வேலைக்காரனாக்கினார். ஒரு வலைத்தட்டு, மேலே விளக்கு, அலை அலையாகத் தண்ணீர். பாசி தட்டிலேயே வளரும், தண்ணீரில் உள்ள கழிவுச்சத்தை உறிஞ்சும். வாரத்துக்கு ஒருமுறை சுரண்டி எறிந்தால் கழிவும் அதோடு போச்சு! 1980-ல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உயிருள்ள பவளத்திட்டையே இப்படிக் காட்சிக்கு வைத்துவிட்டார்!

அதோடு நிற்கவில்லை. 1987-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் திறந்த பிரமாண்டப் பவளக் காட்சியகமும் தொடக்கத்தில் இதே பாசித்தட்டுகளை நம்பித்தான் ஓடியது. தொட்டியின் கொள்ளளவு? 25 லட்சம் லிட்டர்!

வீட்டுத் தொட்டிக்காரர்களின் தந்திரம் இன்னும் அழகு. தொட்டிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் கீட்டோமார்ஃபா பாசி. மேல்தொட்டியில் விளக்கு அணையும் நேரத்தில் கீழே விளக்கு எரியும்! பவளம் உறங்கும்போது பாசி விழித்திருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். இரவில் தண்ணீரின் பி.எச். சரியாமல் நிற்கும்!

காலர்ப்பா என்றொரு பாசி. தண்டு உண்டு, இலை போன்றது உண்டு, வேர் போன்றது உண்டு. மீட்டர் கணக்கில் நீளும். மொத்தமும் எத்தனை செல்? ஒன்றே ஒன்று!

அதையும் தொட்டிகளில் வளர்த்தார்கள். வினை வந்தது. 1984-ல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, மத்தியதரைக் கடலில் ஒரு திட்டு காலர்ப்பா டாக்ஸிஃபோலியா தென்பட்டது. அளவு ஒரு சதுர மீட்டர். 2000-ம் ஆண்டின் இறுதியில் அதன் பிடியில் இருந்த கடலடி? 6 நாடுகளில் 131 சதுர கிலோமீட்டர்!

2000-ல் கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியிலும் தலைகாட்டியது. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டு போராடித்தான் ஒழித்தார்கள். செலவு ஏறக்குறைய 70 லட்சம் டாலர்! தொட்டித் தண்ணீரையோ பாசியையோ ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள் என்று கெஞ்சிச் சொல்வது இதனால்தான்.

நம் கடலிலும் இது நடந்தது. வெளியிலிருந்து வந்த காப்பாஃபைகஸ் பாசி மண்டபம் பக்கம் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே பாசி குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்கள் மேல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வளர்க்கும் இடத்தில் வரம், பவளத்தின் மேல் ஏறினால் சாபம்!

அந்தப் பாசியை வரமாகவே வைத்திருக்கும் வித்தையும் மண்டபத்தில்தான் இருக்கிறது! பாக் நீரிணையில் ஒரு கூண்டு. 6 மீட்டர் விட்டம். உள்ளே கடல் விரால். மீன் தின்னும், கழிக்கும். கழிவு கடலில் கரையும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் என்ன செய்தார்கள்? கூண்டைச் சுற்றிக் காப்பாஃபைகஸ் கட்டிய மூங்கில் மிதவைகளை மிதக்கவிட்டார்கள். 12 அடிக்கு 12 அடி. ஒரு கூண்டுக்கு 16 மிதவை!

ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அறுவடை. மீன் கழிவே உரம். கூண்டோரத்துப் பாசி, தனியே வளர்ந்த பாசியைவிடக் கூடுதலாக விளைந்தது! கழிவு போச்சு, காசும் வந்தது. வீட்டுத் தொட்டிக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பாசியறையின் அதே கொள்கை. இங்கே தொட்டி மட்டும் பாக் நீரிணை!

கடல் உயிர்களைத் தொட்டியில் வைத்துப் பார்ப்பது சென்னைக்குப் புதிதே இல்லை. மெரினா கடற்கரையில் கடல் மீன் காட்சியகம் திறந்தது நூறு ஆண்டுக்கும் முன்பு. ஆண்டு 1909! பின்னணியில் இருந்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். ராமேசுவரக் கடல் உயிர்களைத் தேடித் தேடி 1887-லேயே அறிக்கை எழுதியவர்!

இன்று சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடைகள் தெரு தெருவாக. திருத்தணியிலிருந்து போய் வாங்கி அன்று மாலையே திரும்பிவிடலாம். கோமாளி மீனைக் கேட்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்: பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? பொரிப்பகக் குஞ்சுகளை நம் நாட்டிலேயே உற்பத்தி செய்கிறார்கள். கடலில் பிடித்ததற்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை!

வினோகிராட்ஸ்கியை நினைவில் வைத்திருக்கிறீர்களா? அம்மோனியாவை முடிக்க இரண்டு கூட்டம் பாக்டீரியா வேண்டும் என்றார். எல்லாப் பாடப்புத்தகமும் அதையே சொன்னது. 2015-ல் அது கவிழ்ந்தது! இரண்டு வேலையையும் தனியாளாகச் செய்து முடிக்கும் ஒரே பாக்டீரியா பிடிபட்டது. நைட்ரோஸ்பைரா!

ஒரே இதழில் இரண்டு குழுக்கள் அறிவித்தன. ஒரு குழுவுக்குக் கிடைத்தது 1,200 மீட்டர் ஆழ எண்ணெய்க் கிணற்றின் வெந்நீர்க் குழாயில். நெதர்லாந்தின் நைமேகன் நகரக் குழுவுக்குக் கிடைத்தது எங்கே தெரியுமா? மீன் தொட்டிகளின் தண்ணீர் சுற்றிவந்த வடிகட்டியில்! விஞ்ஞான உலகம் 125 ஆண்டாகக் கண்டுபிடிக்காமல் விட்ட உயிர், மீன் கழிவுக்குள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது!